ஸ்பெஷல் அட்டாக்கர் உருவாக்குவது எப்படி? கோல்டெங்கோவை வைத்து முழுமையான வழிகாட்டி

போட்டி போக்கிமானுக்குப் புதிதாக வருபவர்களின் ஸ்பெஷல் அட்டாக்கரை (ஸ்பெஷல் வகை மூவ்களால் அடிக்கும் போக்கிமானை) திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே இ.வி. கணக்குதான் இருக்கும். இ.வி. என்பது ஒவ்வொரு ஸ்டேட்டிலும், அதாவது திறன் எண்ணிலும், பயிற்சியால் ஏற்றும் புள்ளி. ஸ்பெஷல் அட்டாக்குக்கு 252, ஸ்பீடுக்கு 252, மிச்சம் 4 ஹெச்.பி.க்கு (உயிர்ப் புள்ளிகளுக்கு). கதைப் பயணத்தை முடிக்க இது தாராளமாகப் போதும். ரேங்க்டு பேட்டிலில் (தரவரிசைப் போட்டியில்) இதே போக்கிமான் ஓர் அடி கொடுத்துவிட்டு, அல்லது அதுகூடக் கொடுக்காமல், விழுந்துவிடும்.

நான் சொல்லவருவது ஒன்றுதான். யாரை வீழ்த்த வேண்டும், யாருடைய அடியை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நேச்சர் (ஒரு ஸ்டேட்டைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம்), இ.வி., கையில் வைக்கும் பொருள், டெரா (ஆட்டத்தின் நடுவில் டைப்பை மாற்றும் வசதி) எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து வரட்டும். இதைக் காட்ட ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களின் கோல்டெங்கோவை எடுத்துக்கொள்கிறேன். களம், லெவல் 50 டபுள்ஸ் (களத்தில் இருவருக்கு எதிராக இருவர்): ஆறு பேரைக் காட்டி, நால்வரை இறக்கும் அதிகாரபூர்வப் போட்டி முறை.

படி 1: ஸ்பெஷல் பக்கம் ஏன்?

முதல் தலைமுறை ஆட்டங்களில் தாக்கவும் தாங்கவும் சேர்த்து ‘ஸ்பெஷல்’ என்று ஒரே ஸ்டேட்தான். கோல்டு, சில்வரில் அது இரண்டாகப் பிரிந்தது. அதன் பிறகும் ஒரு மூவ் ஃபிசிக்கலா ஸ்பெஷலா என்பதை அதன் டைப்தான் தீர்மானித்தது. கோஸ்ட் டைப் முழுக்க ஃபிசிக்கல் என்பதால், ஸ்பெஷல் அட்டாக் 130 வைத்திருந்த கெங்கார் தன் ஷேடோ பாலை 65 அட்டாக்கில் வீசிக்கொண்டிருந்தது. 2006இல் டயமண்ட், பேர்ல் வந்தபோதுதான் ஒவ்வொரு மூவுக்கும் தனித்தனியாகப் பிரிவு வந்தது. இன்று நாம் சொல்லும் ஸ்பெஷல் அட்டாக்கர் அங்கே பிறந்ததுதான்.

ஃபிசிக்கல் அட்டாக்கருக்கு டபுள்ஸில் இரண்டு பெரிய தலைவலி: இன்டிமிடேட்டும் பர்னும். இன்டிமிடேட் திறன் கொண்ட இன்சினரோர் களத்தில் இறங்கினாலே நம் அட்டாக் ஒரு படி இறங்கிவிடும். பர்ன் (தீக்காயம்) ஆனால் அடி பாதியாகிவிடும். ஸ்பெஷல் அட்டாக்கை இவை தொடுவதில்லை. நம் பக்கத்துத் தொல்லைகள் வேறு: ஸ்பெஷல் டிஃபென்ஸைக் கூட்டும் அசால்ட் வெஸ்ட் போட்டவர்கள், ஸ்பெஷல் அட்டாக்கை இறக்கும் ஸ்னார்ல், ஸ்பெஷல் அடியைக் குறைக்கும் லைட் ஸ்கிரீன். இவற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுப்பது

பேஸ் ஸ்டேட்டை (ஓர் இனத்துக்கே உரிய அடிப்படை எண்ணை) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டார்கோலின் ஸ்பெஷல் அட்டாக் வெறும் 85. ஆனால் அது இறங்கினாலே வெயில் வரும், வெயிலில் ஃபயர் அடி ஒன்றரை மடங்கு, ஹெச்.பி. முழுதாக இருந்தால் இரப்ஷனின் பவர் 150, அதுவும் எதிரில் நிற்கும் இருவர் மேலும் விழும். ஸ்பீடு 20 என்பதால், மெதுவானவரை முதலில் ஆடவிடும் டிரிக் ரூமில் அதுதான் முதலில் அடிக்கும். 85 என்ற எண்ணைப் பார்த்து ஒதுக்கினால் இவ்வளவையும் இழந்துவிடுவீர்கள்.

கோல்டெங்கோவின் பேஸ் ஸ்டேட்கள்: ஹெச்.பி. 87, அட்டாக் 60, டிஃபென்ஸ் 95, ஸ்பெஷல் அட்டாக் 133, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 91, ஸ்பீடு 84. ஸ்டீல், கோஸ்ட் ஜோடி என்பதால் நார்மல், ஃபைட்டிங், பாய்சன் மூன்றும் படாது. ஃபேக் அவுட் நார்மல் டைப் என்பதால் முதல் டர்னில் இதை யாரும் அதை வைத்து அசைய விடாமல் செய்ய முடியாது. டபுள்ஸில் இதன் அருமை ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

அபிலிட்டி (இயல்பான சிறப்புத் திறன்) குட் ஆஸ் கோல்டு. பிறர் இதைக் குறிவைத்துப் போடும் ஸ்டேட்டஸ் மூவ் (நேரடியாக அடிக்காத மூவ்) எதுவும் பலிக்காது. அமூங்கஸின் ஸ்போர், டான்ட், தண்டர் வேவ், இன்சினரோரின் பார்ட்டிங் ஷாட், எல்லாம் வீண். ஆனால் பக்கத்தில் நிற்கும் நம் ஆள் இதன் மேல் போடும் உதவி மூவும் இதே கதவில் முட்டித் திரும்பிவிடும். டெயில்விண்ட் (நம் பக்கத்தின் ஸ்பீடை இரட்டிக்கும் மூவ்) போல மொத்தப் பக்கத்துக்கும் போடுபவைதான் வேலை செய்யும்.

பலவீனம் நான்கு: ஃபயர், கிரவுண்ட், கோஸ்ட், டார்க். நான்குமே போட்டியில் அடிக்கடி வரும் டைப்கள்.

முக்கிய ஆயுதம் மேக் இட் ரெயின்: ஸ்டீல், பவர் 120, அக்யூரசி 100, இருவரையும் அடிக்கும். விலை, அடித்த பிறகு ஸ்பெஷல் அட்டாக் ஒரு படி இறங்கும். இரண்டாவது, ஷேடோ பால்: பவர் 80, விலை எதுவும் இல்லை.

படி 3: இலக்குப் பட்டியல்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஸ்டீலும் கோஸ்ட்டும் சேர்ந்து யாரை நன்றாக அடிக்கும்? முதலில் நினைவுக்கு வருவது ஃப்ளட்டர் மேன். கோஸ்ட், ஃபேரி ஜோடி. ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீடு மூன்றும் 135. அதை வீழ்த்த முடியாத ஸ்பெஷல் அட்டாக்கரை ஸ்டீல் டைப்பில் வைத்திருப்பதில் பொருளில்லை. ஆகவே முதல் வரி: ‘ஃப்ளட்டர் மேனை ஒரே மேக் இட் ரெயினில் வீழ்த்த வேண்டும்.’

இப்போது கணக்கு. லெவல் 50இல் டேமேஜ் இப்படி வரும்: 22 × மூவின் பவர் × நம் ஸ்பெஷல் அட்டாக் ÷ எதிரியின் ஸ்பெஷல் டிஃபென்ஸ். அதை 50ஆல் வகுத்து 2 கூட்டுங்கள். இருவரையும் அடிக்கும் மூவ் என்றால் 0.75ஆல் பெருக்குங்கள். பிறகு 0.85 முதல் 1 வரை 16 எண்களில் ஏதோ ஒன்றை ஆட்டமே தேர்ந்து பெருக்கும். சொந்த டைப் மூவுக்கு 1.5, எதிரியின் பலவீனத்துக்கு 2.

ஸ்பெஷல் அட்டாக்கில் 252 போட்ட மாடஸ்ட் (ஸ்பெஷல் அட்டாக்கைக் கூட்டும் நேச்சர்) கோல்டெங்கோவுக்கு 203 வரும். டிமிட் (ஸ்பீடைக் கூட்டும் நேச்சர்) என்றால் 185. ஸ்பெஷல் டிஃபென்ஸில் எதுவும் போடாத ஃப்ளட்டர் மேனுக்கு அது 155, ஹெச்.பி.யில் 4 போட்டிருந்தால் 131.

மாடஸ்ட்டின் அடி 134 முதல் 158 வரை. 16 எண்களில் எது விழுந்தாலும் 131ஐத் தாண்டிவிடும். டிமிட்டின் அடி 122 முதல் 146 வரை. 16இல் 11 எண்களில் விழும், 5 எண்களில் நிற்கும். நின்றுவிட்ட ஃப்ளட்டர் மேன் அடுத்த டர்னில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நேச்சர் இங்கேயே முடிவாகிவிட்டது: மாடஸ்ட்.

இரண்டாவது வரி: ‘ஃப்ளட்டர் மேனின் ஒரு ஷேடோ பாலை வாங்கி நிற்க வேண்டும்.’ டிமிட், 252 ஸ்பெஷல் அட்டாக், அடியைக் கூட்டும் பொருள் எதுவும் இல்லாத ஃப்ளட்டர் மேன் நம்மை 152 முதல் 182 வரை அடிக்கும். வழக்கமான 252, 252, 4 கணக்கில் நம் ஹெச்.பி. 163. அதாவது 16இல் 10 முறை போய்விடுவோம். ஹெச்.பி.யை 183 அல்லது அதற்கு மேல் கொண்டுபோனால் எப்போதும் நிற்போம். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரி கிங்காம்பிட். டார்க், ஸ்டீல் ஜோடி என்பதால் நம் இரண்டு டைப்பையும் பாதியாக வாங்கும். சக்கர் பஞ்ச்சால் முந்திக்கொண்டும் அடிக்கும். தன் பக்கத்தில் யாரும் விழாத நிலையில், கையில் பொருளில்லாத ஆடமன்ட் (அட்டாக்கைக் கூட்டும் நேச்சர்) கிங்காம்பிட்டின் சக்கர் பஞ்ச் அதிகபட்சம் 168. இங்கேயும் 163 ஆபத்து; ஹெச்.பி. கூடினால் நிம்மதி.

இந்த எண்களை நீங்கள் காகிதத்தில் போட வேண்டியதில்லை, போக்கிமான் ஷோடவுன் என்ற இணைய ஆட்டத் தளத்தின் டேமேஜ் கால்குலேட்டர் நொடியில் காட்டிவிடும். ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். 0.75 எங்கே நுழைகிறது, 16 எண்கள் எங்கே நுழைகின்றன என்று புரிந்துவிட்டால், ஆட்டத்தின் நடுவில் கண்மதிப்பே பாதி வேலையைச் செய்யும்.

படி 4: ஸ்பீடு எவ்வளவு வேண்டும்?

எல்லோரும் 252ஐக் கொட்டும் இடம் இது. கோல்டெங்கோவின் ஸ்பீடு 84, நடுத்தரம். மாடஸ்ட்டில் 252 போட்டால் 136, டிமிட்டில் 149. முழு ஸ்பீடு ஃப்ளட்டர் மேன் 205. தனியாக ஓடி ஜெயிக்க வழியில்லை.

சாய்ஸ் ஸ்கார்ஃப் போட்டால்? மாடஸ்ட் 136இன் ஒன்றரை மடங்கு 204. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி! டிமிட் என்றால் 223 வந்து முந்திவிடும், ஆனால் மேலே பார்த்தபடி ஒரே அடியில் வீழ்த்தும் உறுதி போய்விடும். ஸ்கார்ஃப் கோல்டெங்கோ எனக்கு டபுள்ஸில் பிடிக்காமல் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

டெயில்விண்ட் வந்தால் காட்சி மாறுகிறது. ஸ்பீடில் ஒரு இ.வி. கூடப் போடாத மாடஸ்ட் கோல்டெங்கோ 104. இரட்டித்தால் 208. ஃப்ளட்டர் மேனின் 205, சியென்-பாவின் 205, அயர்ன் பண்டிலின் 206 எல்லாம் பின்னால். டிராகபல்ட் மட்டும் 213இல் நிற்கும். அதையும் தாண்ட வேண்டுமானால் 107 வேண்டும், இரட்டித்தால் 214. அதற்கு ஆகும் செலவு 20 இ.வி.தான்.

லெவல் 50இல் முதல் 4 இ.வி.க்கு ஒரு புள்ளி, அதன் பிறகு ஒவ்வொரு 8க்கும் ஒரு புள்ளி (ஐ.வி., அதாவது பிறவிப் புள்ளி, 31 என்றால்). அதனால் 4, 12, 20, 28 என்ற வரிசையில்தான் போட வேண்டும். நடுவில் ஓர் எண்ணில் நிறுத்தினால் மிச்சம் வீண்.

ஆக, என் கணக்கு: மாடஸ்ட், ஹெச்.பி. 236, ஸ்பெஷல் அட்டாக் 252, ஸ்பீடு 20. மொத்தம் 508. கையில் கிடைப்பது ஹெச்.பி. 192, டிஃபென்ஸ் 115, ஸ்பெஷல் அட்டாக் 203, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 111, ஸ்பீடு 107.

இதைப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். டெயில்விண்ட் இருந்தால் ஃப்ளட்டர் மேனுக்கு முன் அடித்து வீழ்த்துகிறோம். இல்லையென்றாலும், அதிகபட்சம் 182 வாங்கி 10 ஹெச்.பி.யோடு நின்று, திருப்பி அடித்து வீழ்த்துகிறோம். அது பூஸ்டர் எனர்ஜி என்ற பொருளால் ஸ்பீடைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அடியின் பலம் மாறாது, அதனால் முடிவும் மாறாது. அடியைக் கூட்டும் பொருளான சாய்ஸ் ஸ்பெக்ஸோ லைஃப் ஆர்போ வைத்திருந்தால் ஷேடோ பாலில் விழுவோம். அதற்கு டெராதான் பதில்.

படி 5: ஆட்டத்துக்குள் வளர்ப்பது

கிம்மிகூலைப் பிடித்து, அதன் நாணயங்கள் 999 சேர்த்து, ஒரு லெவல் ஏற்றினால் கோல்டெங்கோ. ஆட்டத்தின் நிலப்பரப்பான பால்டியா முழுக்க அலைய வேண்டிய வேலை, பொறுமையாகச் செய்யுங்கள்.

இந்த அலைச்சலில் அதைப் பேட்டிலில் இறக்கினால் வேண்டாத இ.வி. ஏறிவிடும். சம்மரியில் ஸ்டேட் பக்கத்துக்குப் போய் எல் பட்டனை அழுத்தினால் எங்கே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வரைபடம் காட்டும். தவறாக ஏறியிருந்தால், டீல் மாஸ்க் என்ற கூடுதல் பகுதி வைத்திருப்பவர்கள் ஃப்ரெஷ் ஸ்டார்ட் மோச்சி ஒன்றைக் கொடுத்து மொத்தமும் சுழியமாக்கலாம்.

பிறகு வைட்டமின். ஒன்று 10 இ.வி. தரும். ஸ்பெஷல் அட்டாக்குக்குக் கால்சியம் 26 (கடைசி ஒன்று 2 மட்டுமே ஏற்றும்), ஹெச்.பி.க்கு ஹெச்.பி. அப் 23, மேலே ஒன்றுக்கு ஒரு இ.வி. தரும் ஹெல்த் ஃபெதர் 6, ஸ்பீடுக்குக் கார்போஸ் 2. சான்ஸி சப்ளை கடையில் வைட்டமின் ஒன்றின் விலை 10,000. கையில் காசில்லையென்றால் பவர் லென்ஸ் மாட்டிவிட்டு, ஸ்பெஷல் அட்டாக் இ.வி. தரும் காட்டுப் போக்கிமான்களை அடித்து ஏற்றலாம், நேரம்தான் பிடிக்கும்.

நேச்சர் தவறாக இருந்தால் மாடஸ்ட் மின்ட். ஐ.வி. குறைவாக இருந்தால் லெவல் 50க்குப் பிறகு மான்டெனவேராவில் பாட்டில் கேப் கொடுத்து ஹைப்பர் டிரெய்னிங். இங்கே ஒரு எச்சரிக்கை: கோல்டு பாட்டில் கேப் ஆறு ஸ்டேட்டையும் உயர்த்திவிடும். நமக்கு அட்டாக் தேவையில்லை, அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஃபௌல் பிளே என்ற மூவ் நம் அட்டாக்கை வைத்தே நம்மை அடிக்கும், குழப்பத்தில் நம்மை நாமே அடித்துக்கொள்வதும் அட்டாக்கில்தான். ஆகவே சாதா பாட்டில் கேப்பால் தேவையான ஸ்டேட்டை மட்டும் உயர்த்துங்கள், அட்டாக்கைத் தொடாதீர்கள்.

டெரா மாற்ற மெடாலியின் உணவகத்தில் அந்த டைப்பின் டெரா ஷார்ட் (படிகத் துண்டு) 50 வேண்டும்.

படி 6: மூவ், பொருள், டெரா

மேக் இட் ரெயின், ஷேடோ பால் இரண்டும் கட்டாயம். மீதி இரண்டு இடம் பொருளைப் பொறுத்தது.

நான் விரும்புவது நாஸ்டி பிளாட் (ஸ்பெஷல் அட்டாக்கை இரண்டு படி ஏற்றும் மூவ்), புரொடெக்ட் (அந்த டர்னில் அடியைத் தடுக்கும் மூவ்), கையில் லெஃப்ட்ஓவர்ஸ் (ஒவ்வொரு டர்னிலும் கொஞ்சம் ஹெச்.பி. மீட்கும் பொருள்). நாஸ்டி பிளாட் ஒருமுறை போட்டால் 203 என்பது 406 ஆகும். முதல் மேக் இட் ரெயின் 406இல், இரண்டாவது 304இல், மூன்றாவது மறுபடி 203இல். அதாவது மூன்று அடி கொடுத்தும் வழக்கமான பலத்துக்குக் கீழே போகவில்லை. நாஸ்டி பிளாட் இல்லாமல் இதே மூன்று அடியைக் கொடுத்தால் 203, 135, 101. மூன்றாவது அடியில் இது பாதி அட்டாக்கர்தான்.

சாய்ஸ் ஸ்பெக்ஸ் போட்டால் நாஸ்டி பிளாட் இல்லாமலே முதல் அடி 304. ஆனால் ஒரே மூவில் பூட்டப்படுவோம். மேக் இட் ரெயினில் பூட்டப்பட்ட கோல்டெங்கோவைப் பார்த்ததும் நல்ல எதிராளி ஒரு ஃபயரையோ வாட்டரையோ இறக்குவார். ஸ்பெக்ஸ் வைத்தால் புரொடெக்ட் வேண்டாம். தண்டர்போல்ட், ஃபோகஸ் பிளாஸ்ட் எடுங்கள். ஃபோகஸ் பிளாஸ்ட் கிங்காம்பிட்டுக்கு நான்கு மடங்கு வலி, ஆனால் அக்யூரசி 70தான். முழு ஆட்டத்தையும் அதன் மேல் பந்தயம் வைக்காதீர்கள்.

ஸ்டீல் அடியை மட்டும் கூட்ட வேண்டுமென்றால் மெட்டல் கோட் 1.2 மடங்கு தரும், பூட்டும் கிடையாது. ஒரே பொருளை டீமில் இருவர் வைக்கக்கூடாது என்பதால், மற்றவர்களுக்கு எது போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

டெரா இரண்டு வகை. ஸ்டீல் டெரா மேக் இட் ரெயினின் சொந்த டைப் பலனை 1.5இலிருந்து 2 ஆக்கும். வாட்டர் டெரா தற்காப்பு: ஃபயரைப் பாதியாக்கும், கிரவுண்ட், கோஸ்ட், டார்க் மூன்றும் சாதாரண அடியாகிவிடும், ஸ்டீல் மூவுக்கான 1.5 அப்படியே இருக்கும். மேலே சொன்ன ஸ்பெக்ஸ் ஃப்ளட்டர் மேனின் ஷேடோ பால் வாட்டர் டெராவின் மேல் அதிகபட்சம் 135. நின்று, திருப்பி அடிக்கலாம். அடி வாங்கி நிற்கும் இந்தக் கணக்குக்கு என் தேர்வு வாட்டர்.

படி 7: பக்கத்தில் யார்?

டெயில்விண்டுக்கு டோர்னடஸ் அல்லது விம்சிகாட். இருவரும் பிராங்ஸ்டர் (ஸ்டேட்டஸ் மூவை முந்திப் போடவைக்கும் அபிலிட்டி) என்பதால் பெரும்பாலும் முதலிலேயே போட்டுவிடுவார்கள்.

நாஸ்டி பிளாட் போடும் டர்னில் அடியைத் தன் பக்கம் இழுக்க இன்டீடீயின் ஃபாலோ மீ. பெண் இன்டீடீ இறங்கும்போது வரும் சைக்கிக் டெரெய்ன் சக்கர் பஞ்ச்சையும் தடுத்துவிடும். கிங்காம்பிட் பயம் பாதி தீரும்.

சி-யூ கொஞ்சம் சிக்கலான நண்பர். அதன் பீட்ஸ் ஆஃப் ரூயின் களத்தில் மற்ற எல்லோருடைய ஸ்பெஷல் டிஃபென்ஸையும் கால் பங்கு குறைக்கும். நம் அடி மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் நம் ஸ்பெஷல் டிஃபென்ஸும் குறையும் என்பதால், படி 3இல் போட்ட தாங்கும் கணக்கு செல்லாது. சி-யூவோடு ஆடினால் முந்தி அடிப்பதையே நம்புங்கள்.

நம்மால் முடியாததைச் செய்ய ஒருவர் கட்டாயம் வேண்டும். இன்சினரோர் ஃபயர், டார்க் ஜோடி. நம் இரண்டு டைப்பையும் பாதியாகவே வாங்கும். அதை வாட்டரோ ஃபைட்டிங்கோ வைத்து அடிக்கும் ஆள், உதாரணமாக உர்ஷிஃபு, டீமில் இருக்கட்டும்.

படி 8: களத்தில்

முதல் டர்னிலேயே மேக் இட் ரெயின் அடித்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். எதிரில் இருவரில் ஒருவராவது விழுவார் அல்லது இருவருமே பெரிதாக அடிபடுவார்கள் என்று தெரிந்தால் அடியுங்கள். இல்லையென்றால் ஷேடோ பால். அது எதையும் குறைக்காது.

ஸ்பெஷல் அட்டாக் இறங்கிய கோல்டெங்கோவை வெளியே எடுத்து மறுபடி இறக்கினால் பழைய 203 திரும்பிவிடும். அடித்து, வெளியேறி, பாதுகாப்பான டர்னில் திரும்பி வந்து மறுபடி அடிப்பது இதன் இயல்பான நடை. நாஸ்டி பிளாட் போட்டிருந்தால் மட்டும் வெளியே எடுக்க யோசியுங்கள், அதுவும் சேர்ந்து போய்விடும்.

எதிராளி டீமைக் காட்டும்போதே மூன்று விஷயம் பாருங்கள். வைட் கார்டு (பலரை அடிக்கும் மூவைத் தடுக்கும் மூவ்) போடுபவர் யாராவது உண்டா? மேக் இட் ரெயின் அதில் முழுசாக நின்றுவிடும். ஸ்னார்ல் யாரிடம் இருக்கலாம்? அது அடிக்கும் மூவ் என்பதால் குட் ஆஸ் கோல்டு தடுக்காது. ஸ்டீலைத் தாங்குபவர் யார், அயர்ன் ஹேண்ட்ஸ் போல அசால்ட் வெஸ்ட் போட வாய்ப்புள்ளவர் யார்? இந்தப் பெயர்கள் நான்கில் மூன்று இடத்தை அடைக்கும் போலிருந்தால் கோல்டெங்கோவை அந்த ஆட்டத்தில் இறக்கவே வேண்டாம். ஆறு பேரில் இருவர் வெளியே உட்காரத்தான் போகிறார்கள்.

டெராவைச் செலவழிக்கும் நேரம்தான் கடினம். எதிராளி ஃப்ளட்டர் மேனைக் காப்பாற்ற டெரா போட்டு ஸ்டீல் பலவீனத்தை நீக்கிவிட்டால், உங்கள் 134 அங்கேயே பாதியாகிவிடும். எதிராளியின் டெரா இன்னும் மிச்சமிருக்கும்போது ஒரே அடியில் வீழ்த்துவதை மட்டும் நம்பி உங்கள் இருவரையும் ஒரே இலக்கில் விடாதீர்கள். பக்கத்து ஆளை புரொடெக்ட்டில் வைத்துப் பாருங்கள்.

சிங்கிள்ஸ் ஆடுபவர்களுக்கு

லெவல் 100 சிங்கிள்ஸில் இதே போக்கிமானின் வேலை வேறு. களத்தில் விரித்த பொறிகளை அகற்றும் மூவ்களில், எதிராளியின் டீஃபாக் இதன் மேல் பலிக்காது, ராப்பிட் ஸ்பின் கோஸ்ட் மேல் படாது. ஆகவே நாம் விரித்த ஸ்டெல்த் ராக் பொறி அப்படியே கிடக்கும். அங்கே புரொடெக்ட்டை எடுத்துவிட்டு ரிகவர் (ஹெச்.பி. மீட்கும் மூவ்) வையுங்கள். பிளிஸி போன்ற சுவர்கள் எதிரில் வரும் என்றால், ஸ்பெஷல் அட்டாக்கில் அடித்தாலும் எதிரியின் டிஃபென்ஸைக் கணக்கில் எடுக்கும் சைஷாக் பற்றி யோசியுங்கள். பிளிஸியின் பேஸ் ஸ்பெஷல் டிஃபென்ஸ் 135, டிஃபென்ஸ் வெறும் 10.

வைட்டமினுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் இந்த டீமை ஷோடவுனில் ஆடிப் பாருங்கள். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைச் சேமித்து, கோல்டெங்கோ யாருடைய எந்த அடியில் விழுந்தது என்று மட்டும் எழுதி வையுங்கள். ஒரே பெயர் மறுபடி மறுபடி வந்தால் அதைப் படி 3இன் பட்டியலில் சேர்த்து, கால்குலேட்டரைத் திறந்து, ஸ்பீடின் 20இலிருந்தோ ஹெச்.பி.யின் 236இலிருந்தோ எட்டு எட்டாக நகர்த்திப் பாருங்கள்.